கைவிளக்கும் கணக்கேடும்

நுழையும்முன்

நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என வகுத்துரைத்தது வள்ளுவம். தலைவியைக் கண்ணும் கருத்துமாக வளர்த்த தாயைச் செவிலி என்றழைத்தன சங்கப் பாடல்கள். அச்சொல்லே இன்று மருத்துவமனைகளில் நோயாளரைப் பேணுவோர்க்கும் உரியதாகியுள்ளது. பேணுதல் பழைமையான பண்பு. ஆனால் அது கல்வியும் பயிற்சியும் மதிப்பும் உடைய தொழிலாக உருப்பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். அம்மாற்றத்திற்கு வழிவகுத்தவர்களுள் முதன்மையானவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல். கையில் விளக்கேந்திய பெண்ணாகவே உலகம் அவரை நினைவில் கொண்டுள்ளது. விளக்கை வைத்துவிட்டு அவர் எடுத்த கணக்கேடு, விளக்கைக் காட்டிலும் மிகுதியான உயிர்களைக் காத்தது. அவ்விரண்டின் வரலாற்றையும் கூறுகிறது இப்பாடம்.

செல்வ மனையில் ஒரு வேட்கை

இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த வில்லியம் எட்வர்டு நைட்டிங்கேல், பிரான்சிஸ் இணையர் பெருஞ்செல்வர்கள். திருமணத்திற்குப் பின்னர் அவர்கள் ஐரோப்பிய நாடுகளில் நெடும்பயணம் மேற்கொண்டிருந்தபோது இரு பெண்மக்கள் பிறந்தனர். மூத்தவர் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பிறந்ததால், அந்நகரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப் என்பதைப் பெயராகப் பெற்றார். இளையவர் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். ஊரின் பெயரே அவர் பெயராயிற்று.

டெர்பிஷயரில் ஒரு மாளிகை, ஹாம்ப்ஷயரில் ஒரு மாளிகை, ஏவல் செய்யப் பணியாளர்கள், ஓயாத விருந்துகள் என அக்குடும்பத்தின் வாழ்வு குறைவின்றி நடந்தது. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் அடைபட்டிருந்த காலம் அது. எனினும் தந்தை தம் மகளிர் இருவருக்கும் இலத்தீன், கிரேக்கம், வரலாறு, மெய்யியல் ஆகியவற்றைத் தாமே கற்பித்தார். இளைய மகளின் உள்ளம் கணிதத்தில் தனி விருப்பம் கொண்டது. குடும்பப் பெண்ணுக்குக் கணிதம் எதற்கு எனத் தாய் தயங்கியபோதும் அவர் விடாது வேண்டி அதனைக் கற்றார். இந்தக் கல்வி ஒரு பேரரசின் போர்த்துறையையே நாணச் செய்யப்போகிறது என்பதை அன்று எவரும் அறியவில்லை.

1837ஆம் ஆண்டு, பதினாறு வயதில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைப்பதாக நைட்டிங்கேல் உணர்ந்தார். அத்தொண்டு யாது என்பது அவருக்குச் சில ஆண்டுகள் புலப்படவில்லை. மாளிகையைச் சுற்றியிருந்த ஏழைக் குடிசைகளில் நோயுற்றோரைக் கண்டு உதவிய பின்னரே, நோயாளரைப் பேணும் பணியே தமக்குரியது என அவர் தெளிந்தார்.

மறுப்பும் பயிற்சியும்

1845ஆம் ஆண்டு, சால்ஸ்பரி நகர மருத்துவமனையில் சில மாதங்கள் தங்கிப் பயிற்சி பெற விரும்புவதாக அவர் வீட்டில் தெரிவித்தார். தாய் அதிர்ந்தார், தமக்கை நோயுற்றவர்போல் வருந்தினார், தந்தை இசைவளிக்கவில்லை. அவர்களின் அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அக்கால மருத்துவமனைகள் ஏழைகள் மட்டுமே புகலடையும் இடங்களாக இருந்தன. நெருக்கமாக இடப்பட்ட கட்டில்கள், திறக்கப்படாத சாளரங்கள், மாற்றப்படாத விரிப்புகள் ஆகியவற்றுக்கிடையே பணிசெய்த பெண்களுள் பலர் எழுத்தறிவற்றோர், பயிற்சி பெறாதோர், குடிப்பழக்கம் உடையோர் என்ற பழியும் அவர்கள்மேல் இருந்தது. வேறு பிழைப்பு இல்லாதோர் செய்யும் வேலையாகவே அது கருதப்பட்டது.

மறுக்கப்பட்ட நைட்டிங்கேல் தம் எண்ணத்தை விட்டுவிடவில்லை. வீட்டார் விழித்தெழும் முன்னரே, விடியற்பொழுதின் குளிரில் மெழுகுவத்தி ஒளியில் அமர்ந்து, மருத்துவமனைகள் பற்றிய அறிக்கைகளையும் பொதுநலத்துறை ஏடுகளையும் படித்தார். அவற்றிலுள்ள எண்களைக் குறிப்பேடுகளில் தொகுத்தார். காலையுணவு மணி ஒலித்ததும், ஒன்றும் அறியாதவர்போல் கீழிறங்கிச் செல்வார். இவ்வாறு பல ஆண்டுகள் கழிந்தன. அவரைப் பல்லாண்டுகளாக விரும்பிய கவிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ரிச்சர்டு மாங்க்டன் மில்ன்ஸ் என்பாரை மணக்கவும் 1849இல் அவர் மறுத்துவிட்டார். மில்ன்ஸ்மீது அவருக்கு அன்பு உண்டு. ஆனால் திருமண வாழ்வு தம் பணிக்கு இடந்தராது என அவர் உணர்ந்திருந்தார்.

செருமனியின் கைசர்ஸ்வெர்த் என்னும் சிற்றூரில் தியோடர் ஃபிளீட்னர் என்னும் கிறித்தவப் போதகர், நோயாளரைப் பேணும் மகளிர்க்கான நிறுவனம் ஒன்றை நடத்திவந்தார். 1850இல் அதனைக் கண்டுவந்த நைட்டிங்கேல், 1851இல் ஏறத்தாழ மூன்று மாதங்கள் அங்குத் தங்கிப் பயின்றார். விடியலில் எழுதல், எளிய உணவு, நாள்முழுதும் உழைப்பு என்ற வாழ்வு அவருக்கு நிறைவளித்தது. 1853ஆம் ஆண்டு, இலண்டனில் நோயுற்ற மகளிர்க்கான சிறு மருத்துவ இல்லம் ஒன்றின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. மனமிரங்கிய தந்தை ஆண்டுக்கு 500 பவுண்டு வழங்க இசைந்தார்.

அவ்வில்லத்தில் ஒவ்வொரு மாடிக்கும் குழாய்வழி வெந்நீர் வரவேண்டும், உணவை மேலேற்ற ஓர் ஏற்றப்பொறி வேண்டும் என்று அவர் கேட்டுப் பெற்றார். செவிலியின் கால்கள் படிக்கட்டிலேயே தேய்ந்துவிட்டால் நோயாளியின் அருகில் நிற்பவர் யார் என்பது அவர் எண்ணம். பேணுதல் என்பது இரக்கம் மட்டுமன்று, ஏற்பாடும் ஆகும் என்ற கருத்து அப்போதே அவரிடம் உருவாகியிருந்தது.

போர்முனையிலிருந்து வந்த செய்தி

உருசியாவுக்கும் துருக்கியப் பேரரசுக்கும் இடையே 1853இல் மூண்ட போரில், 1854ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பிரிட்டனும் பிரான்சும் துருக்கியின் பக்கம் சேர்ந்தன. கருங்கடலின் வடகரையிலுள்ள கிரிமியத் தீவக்குறை போர்க்களமாயிற்று. அதற்கு முந்தைய போர்களின் செய்தி மக்களை அடையப் பல நாள்கள் ஆகும். அடைவதும் தளபதிகள் எழுதிய வெற்றிச் செய்தியே. இப்போரிலோ செய்தியாளர்கள் களத்திற்கே சென்றனர். காயமுற்ற வீரர்களுக்குக் கட்டுத்துணியும் இல்லை, கட்டுவோரும் இல்லை எனும் செய்தி 1854 அக்டோபரில் இலண்டன் டைம்ஸ் இதழில் வெளியாயிற்று. நேசநாடான பிரான்சின் படையில் அருட்சகோதரியர் தொண்டாற்ற, பிரிட்டன் வீரர்கள் மட்டும் கேட்பாரற்றுக் கிடந்தனர் என்பதை அறிந்து மக்கள் கொதித்தனர்.

போர்த்துறைச் செயலராக இருந்த சிட்னி ஹெர்பர்ட், நைட்டிங்கேலின் நண்பர். செவிலியர் குழுவொன்றை வழிநடத்திச் செல்லுமாறு அவர் நைட்டிங்கேலுக்கு மடல் எழுதினார். தாம் செல்ல விரும்புவதை உணர்த்தும் நைட்டிங்கேலின் மடலும் அதே நேரத்தில் புறப்பட்டிருந்தது. இரு மடல்களும் வழியிலேயே ஒன்றையொன்று கடந்தன.

சில நாள்களுக்குள் குழு அமைந்தது. அருட்சகோதரியர் 24 பேர், மருத்துவமனைப் பணிப்பெண்கள் 14 பேர் என 38 மகளிருடன் 1854 அக்டோபர் 21ஆம் நாள் நைட்டிங்கேல் புறப்பட்டார். நவம்பர் 4ஆம் நாள், கான்ஸ்டாண்டிநோபிள் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்கூட்டாரியை அடைந்தார். இன்று இசுதான்புல்லின் ஒரு பகுதியாகிய அவ்விடத்தில் துருக்கியரின் பெரிய படைவீடு ஒன்று பிரிட்டன் படையின் மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. கிரிமியாவில் காயமுற்றோரும் நோயுற்றோரும் கருங்கடலைக் கடந்து கப்பல்களில் அங்குக் கொண்டுவரப்பட்டனர்.

ஸ்கூட்டாரி மருத்துவமனை

தொலைவிலிருந்து கம்பீரமாகத் தோன்றிய அக்கட்டடத்தின் உள்ளே நிலைமை வேறாக இருந்தது. நீண்ட இடைகழிகளில் வைக்கோல் அடைத்த படுக்கைகள் வரிசையாகக் கிடந்தன. தரை அழுகியிருந்தது, எலிகள் ஓடின. கட்டடத்தின் அடியிலிருந்த கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டு, நாற்றம் கூடங்களெங்கும் பரவியிருந்தது. துவைப்பதற்கு இடமில்லை, மாற்றுடை இல்லை, நோயாளிக்கேற்ற உணவு இல்லை. பண்டசாலையில் பொருள் இருந்தபோதும், உரிய படிவத்தில் உரிய அலுவலர் ஒப்பமிடவில்லை என்று கூறி அதனை வெளியே தர மறுத்த நேர்வுகளும் உண்டு.

படை மருத்துவர்கள் இம்மகளிரை வரவேற்கவில்லை. தங்கள் குறைகளை மேலிடத்திற்கு அறிவிக்க வந்தோர் என ஐயுற்றனர். நைட்டிங்கேல் அவர்களுடன் மோதவில்லை. மருத்துவர் அழைக்காமல் எந்த நோயாளியையும் அணுகக்கூடாது எனத் தம் குழுவினர்க்கு ஆணையிட்டார். உயிருக்குப் போராடுவோரைக் கண்முன் வைத்துக்கொண்டு, கட்டுத்துணி தைத்தபடி காத்திருப்பது எளிதன்று. ஆயினும் அக்கட்டுப்பாடு பயனளித்தது. நவம்பர் 5ஆம் நாள் நடந்த இன்கர்மன் போரில் காயமுற்றோர் அடுத்தடுத்த கப்பல்களில் வந்து குவிந்தபோது, மருத்துவர்களே உதவி வேண்டி அழைத்தனர்.

டைம்ஸ் இதழ் திரட்டிய நிதியையும் தம் பொறுப்பில் இருந்த பணத்தையும் கொண்டு அவர் துடைப்பங்களும் துணிகளும் தட்டுகளும் சட்டைகளும் வாங்கினார். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கொப்பரைகள் அமைத்து, வீரர்களின் மனைவியரைக் கொண்டு துணி துவைக்க ஏற்பாடு செய்தார். நோயாளர்க்கென்று தனிச் சமையற்கூடங்களை நிறுவினார். வீரர்கள் தம் ஊதியத்தைக் குடித்தழிக்காமல் வீட்டிற்கு அனுப்ப வழிசெய்தார். எழுத இயலாதோர்க்கு மடல்கள் எழுதினார். இறந்தோரின் தாயர்க்கும் மனைவியர்க்கும் தம் கையாலேயே செய்தி எழுதி அனுப்பினார். குடிப்பதும் திருடுவதும் தவிர வீரர்களுக்கு வேறொன்றும் தெரியாது எனக் கருதிய அதிகாரிகளுக்கு, அவர்களும் மதிப்புக்குரிய மனிதர்களே எனக் காட்டியது அவர் பணியின் தலைசிறந்த கூறாகும்.

இரவு வந்ததும், அனைவரும் ஓய்ந்த பின்னர், கையில் விளக்குடன் அவர் தனியே அக்கூடங்களைச் சுற்றிவருவார். விழித்துக் கிடப்போரிடம் ஓரிரு சொல் பேசுவார். அந்த விளக்கொளி தங்கள்மேல் படர்ந்து செல்வதை வீரர்கள் காத்திருந்து கண்டனர். அவர்கள் வீட்டிற்கு எழுதிய மடல்களாலும் இதழ்ச் செய்திகளாலும் அக்காட்சி இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஓவியங்கள் தீட்டப்பட்டன, பாடல்கள் புனையப்பட்டன, குழந்தைகளுக்குப் புளோரன்ஸ் என்று பெயரிடப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

ஓவியங்கள் பலவற்றில் நைட்டிங்கேலின் கையில் பழங்காலக் கிரேக்க எண்ணெய் விளக்குப் போன்ற ஒன்று காணப்படும். அவர் ஏந்தியது அதுவன்று. மெழுகுவத்தியை உள்ளே வைத்து, மடிப்புகளாக மடக்கி விரிக்கத்தக்க துருக்கியக் கூண்டு விளக்கே அவர் பயன்படுத்தியது. அவருடைய குரல் 1890ஆம் ஆண்டு ஒலிப்பதிவுக் கருவியில் பதிவு செய்யப்பட்டது. அப்பதிவு இன்றும் உள்ளது.

குறையாத சாவு

புகழ் வளர்ந்த அதே குளிர்காலத்தில் மருத்துவமனையின் சாவும் வளர்ந்தது. தரை கழுவப்பட்டது, உடை மாற்றப்பட்டது, உணவு சீரடைந்தது, இரவும் பகலும் மகளிர் உழைத்தனர். ஆயினும் கப்பலில் வந்திறங்கியோர் காலராவாலும் சீதபேதியாலும் காய்ச்சலாலும் மடிந்துகொண்டேயிருந்தனர். அக்குளிர்காலத்தில் ஸ்கூட்டாரியில் இறந்தோர் நாலாயிரத்திற்கும் மேற்பட்டோர். 1855 பிப்ரவரியில், மருத்துவம் பெற்ற நூறு பேருக்கு 42 பேர் என்ற அளவில் சாவு உச்சத்தை எட்டியது.

போர்முனையின் பட்டினியாலும் குளிராலும் நலிந்து, காப்பாற்ற இயலாத நிலையிலேயே வீரர்கள் வந்து சேர்கின்றனர் என அக்காலத்தில் நைட்டிங்கேல் கருதினார். 1855 மார்ச்சு மாதத்தில் இலண்டனிலிருந்து துப்புரவு ஆணையம் ஒன்று வந்தது. மருத்துவர் ஜான் சதர்லேண்டும் பொறியாளர் ராபர்ட் ராலின்சனும் அதில் இடம்பெற்றிருந்தனர். அவர்கள் நோயாளிகளைப் பார்ப்பதற்கு முன் கட்டடத்தின் அடியைத் தோண்டிப் பார்த்தனர். கழிவுநீர்க் கால்வாய்களின் அடைப்பு நீக்கப்பட்டது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசப்பட்டது. காற்றோட்டத்திற்கு வழி திறக்கப்பட்டது. மருத்துவமனைக்கு நீர் கொண்டுவந்த வாய்க்காலில் குதிரையொன்றின் அழுகிய உடல் கிடந்தது, அதுவும் அகற்றப்பட்டது. சாவு விரைந்து குறைந்தது. சூன் மாதத்தில் அது நூற்றுக்கு இரண்டு என்ற அளவிற்கு இறங்கியது.

இதற்கிடையே கிரிமியப் போர்முனையிலுள்ள மருத்துவமனைகளைக் காண 1855 மே மாதம் பாலக்லாவா சென்ற நைட்டிங்கேல், கடுங்காய்ச்சலுற்று உயிருக்குப் போராடி மீண்டார். அந்நோயின் விளைவு அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. போர் முடிந்து, கடைசி நோயாளிகளும் சென்ற பின்னரே 1856ஆம் ஆண்டு அவர் நாடு திரும்பினார். அவரை வரவேற்கப் படை இசைக்குழுக்களும் ஊர்வலங்களும் காத்திருந்தன. அவரோ வேறு பெயரில் பயணம் செய்து, ஆகஸ்டு 7ஆம் நாள் டெர்பிஷயர் வீட்டை ஒருவரும் அறியாமல் அடைந்தார். வெற்றி வீராங்கனையாக அவர் தம்மைக் கருதவில்லை. இறந்தோரின் நினைவே அவருடன் வந்திருந்தது.

எண்கள் உரைத்த உண்மை

படையின் உடல்நலம் குறித்து ஆராய அரச ஆணையம் அமைக்கப்பட வேண்டும் என நைட்டிங்கேல் விக்டோரியா அரசியாரிடமும் அமைச்சர்களிடமும் வற்புறுத்தினார். 1857இல் ஆணையம் அமைந்தது. சிட்னி ஹெர்பர்ட் அதன் தலைவரானார். பெண் என்பதால் நைட்டிங்கேல் அதில் உறுப்பினராக இயலவில்லை. எனினும் அதற்கான தரவுகளைத் திரட்டியவரும் கேள்விகளை வகுத்தவரும் பெரும்பாலும் அவரே.

புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபார் அவருக்குத் துணைநின்றார். போர்க்காலச் சாவுப் பதிவேடுகளை இருவரும் மாதம் மாதமாகப் பிரித்து ஆராய்ந்தனர். அப்பதிவேடுகள் கூறிய உண்மை நடுக்கம் தருவது. 1855 சனவரி என்னும் ஒரே மாதத்தில் காயங்களால் இறந்த வீரர்கள் 83 பேர். தடுத்திருக்கக்கூடிய தொற்றுநோய்களால் இறந்தோர் 2,761 பேர். வீரர்களைப் பெருமளவில் கொன்றது உருசியரின் குண்டன்று; நெரிசலும் கழிவும் கெட்ட காற்றும் கெட்ட நீருமே. தாம் இரவுபகலாக உழைத்த மருத்துவமனையும் அக்கொலைக் களங்களுள் ஒன்றாக இருந்தது என்பதையும் அவ்வெண்கள் அவருக்கு உணர்த்தின.

இங்கேதான் நைட்டிங்கேலின் பெருமை வெளிப்படுகிறது. நாடே அவரைத் தெய்வமாகப் போற்றிய வேளை அது. ஸ்கூட்டாரியின் கணக்கை மறைத்திருந்தால் கேட்பார் எவரும் இலர். அவரோ அதனை மறைக்கவில்லை. இராணுவத்தின் உடல்நலம் பற்றிய விரிவான அறிக்கையொன்றை 1858இல் தம் செலவிலேயே அச்சிட்டு, உரியவர்களின் கைகளில் சேர்த்தார். தம் புகழைவிட, இனி இறக்கப்போகும் வீரர்களின் உயிர் அவருக்குப் பெரிதாக இருந்தது.

எண் பட்டியல்களை அமைச்சர்கள் புரட்டிப்பார்த்து மூடிவிடுவர் என்பதை அறிந்த அவர், அவற்றைப் படமாக வரைந்தார். ஒரு வட்டம், பன்னிரண்டு மாதங்களுக்கு உரிய பன்னிரண்டு இதழ்களாகப் பிரிக்கப்பட்டது. இதழின் பரப்பு அம்மாதத்துச் சாவின் அளவைக் காட்டியது. தடுக்கத்தக்க நோய்ச் சாவுகளுக்கு நீலம், காயச் சாவுகளுக்குச் சிவப்பு, பிறவற்றுக்குக் கருப்பு என வண்ணங்கள் இடப்பட்டன. சிறு சிவப்பைச் சூழ்ந்து பரந்து கிடந்த நீலத்தைக் கண்ட எவர்க்கும் விளக்கம் தேவைப்படவில்லை. போரில்லாக் காலத்திலும், படைவீடுகளில் வாழ்ந்த இளைஞர்கள் அதே வயதுடைய பொதுமக்களைவிட ஏறத்தாழ இருமடங்கு மடிகின்றனர் என்பதையும் அவர் மெய்ப்பித்தார்.

விளைவாகப் படைவீடுகளுக்குக் காற்றோட்டமும் கழிவுநீர் வசதியும் செய்யப்பட்டன, படை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது, நோய்க்கணக்கு முறைப்படுத்தப்பட்டது. 1858இல் இலண்டன் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அக்கழகத்தில் இடம்பெற்ற முதல் பெண் அவரே.

பேணுதல் ஒரு கலை

போர் நடந்தபோதே, நன்றி பாராட்டும் வகையில் மக்கள் நைட்டிங்கேல் நிதி என்ற பெயரில் பணம் திரட்டினர். படைவீரர்களும் தம் ஒருநாள் ஊதியத்தை அளித்தனர். ஏறத்தாழ 45,000 பவுண்டு சேர்ந்தது. அதனைக் கொண்டு 1860ஆம் ஆண்டு இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. முதல் ஆண்டில் சேர்ந்தோர் பதினைவர். மருத்துவர்களின் விரிவுரை, நோயாளர் கூடத்தில் நேர்ப்பயிற்சி, தங்குமிடம், ஒழுக்கக் குறிப்பேடு, முடிவில் மதிப்பீடு என ஓராண்டுப் பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. பணிப்பெண் என்ற நிலை மாறிப் பயிற்சி பெற்ற செவிலி என்ற நிலை பிறந்தது.

அப்பள்ளி தொடங்கிய காலத்தையொட்டி அவர் எழுதிய செவிலியப் பணி பற்றிய சிறு நூல், வீடுகளில் நோயாளரைப் பேணும் பெண்களையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. தூய காற்று, ஒளி, தூய நீர், அமைதி, உரிய உணவு, உற்றுநோக்கல் ஆகியவற்றை அது வலியுறுத்தியது. நோயாளியின் கதவுக்கு வெளியே நின்று தணிந்த குரலில் பேசுவது அவருக்கு அளிக்கும் துன்பத்தையும், எல்லாம் சரியாகிவிடும் என வந்தோரெல்லாம் வெறும் ஆறுதல் கூறுவதால் அவர் அடையும் சோர்வையும்கூட அந்நூல் எடுத்துரைத்தது. நோயாளியின் இடத்தில் தம்மை வைத்துப் பார்த்த ஒருவரால் மட்டுமே அவ்வாறு எழுத இயலும்.

அவருடைய பள்ளியில் பயின்றோர் பல இடங்களுக்கும் சென்றனர். அக்னஸ் ஜோன்ஸ் 1865இல் லிவர்பூலில் ஏழையர் விடுதி மருத்துவமனையைச் சீர்திருத்தும் பணியேற்று, 1868இல் அங்கேயே காய்ச்சலுற்று உயிர்நீத்தார். லூசி ஆஸ்பர்ன் 1868இல் ஐந்து செவிலியருடன் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குச் சென்றார். பணம் கொடுக்க இயலாத ஏழைக்கும் பயிற்சி பெற்ற செவிலியின் பேணுதல் உரிமையே என்ற எண்ணம் இவர்களால் வேரூன்றியது.

இந்தியாவை நோக்கி

நைட்டிங்கேல் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆயினும் நாற்பது ஆண்டுகள் இந்தியாவைப் பற்றி எண்ணியும் எழுதியும் வந்தார். இந்தியாவிலுள்ள பிரிட்டன் படையின் சுகாதாரம் பற்றி ஆராய 1859இல் அரச ஆணையம் அமைந்தபோது, ஒவ்வொரு படைமுகாமுக்கும் வினாப்படிவம் அனுப்பும் திட்டத்தை வகுத்தவர் அவர். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே செல்கிறது, ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகின்றனர் என்று வந்த விடைகள் அவர் வீட்டில் மலையெனக் குவிந்தன. ஆண்டுக்கு ஆயிரம் வீரர்க்கு 69 பேர் இறக்கும் கொடுமையை 1863ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படுத்தியது. அடுத்த ஆண்டே சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் நிறுவப்பட்டன. ஏறத்தாழப் பத்தாண்டுகளில் அச்சாவு விகிதம் 18ஆகக் குறைந்தது.

படைமுகாமின் மதிலுக்குள் மட்டும் நலத்தைக் காக்க இயலாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். அருகிலுள்ள சிற்றூரின் குளம் கெட்டிருந்தால் முகாமும் நோயுறும். எனவே அவர் பார்வை இந்திய உழவர்பால் திரும்பியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும்பஞ்சத்தின்போது, மக்கள் படும் துயரை இங்கிலாந்து இதழ்களில் எழுதினார். கொள்ளிடத்தில் மேலணை கட்டிய பொறியாளர் ஆர்தர் காட்டனுடன் மடல்தொடர்பு கொண்டு, இருப்புப்பாதையைவிட நீர்ப்பாசனமே பஞ்சத்தைத் தடுக்கும் என வாதிட்டார். அரசு அவர் கூறிய அனைத்தையும் ஏற்கவில்லை. ஆனால் நோய், வறுமை, நீர் ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார்.

உழைப்பும் குறையும்

இவையனைத்தையும் அவர் செய்தது பெரும்பாலும் நோய்ப்படுக்கையிலிருந்தே. கிரிமியாவில் பற்றிய நோயின் பின்விளைவால் பல ஆண்டுகள் அவர் அறையை விட்டு வெளியேறவில்லை. அமைச்சர்களும் ஆளுநர்களும் அவர் இல்லம் தேடி வந்தனர். ஆயிரக்கணக்கான மடல்கள் அவர் கையிலிருந்து புறப்பட்டன. தம்மையும் பிறரையும் ஓய்வின்றி உழைக்கச் செய்தார். உடல்நலம் குன்றியிருந்த சிட்னி ஹெர்பர்ட்டையும் சீர்திருத்தப் பணியில் அவர் இடைவிடாது தூண்டிவந்தார். 1861இல் ஹெர்பர்ட் மறைந்தபோது அத்துயரம் அவரை நிலைகுலையச் செய்தது.

அவர் கருத்துகள் அனைத்தும் காலத்தால் மெய்ப்பிக்கப்பட்டவை அல்ல. நோய் கெட்ட காற்றிலிருந்து பிறக்கிறது என்று நெடுங்காலம் நம்பிய அவர், நுண்ணுயிர்க் கொள்கையை எளிதில் ஏற்கவில்லை. செவிலியர்க்குத் தேர்வு வைத்து அரசுப் பதிவு வழங்கவேண்டும் என்று பிற செவிலியர் போராடியபோது, தேர்வால் அறிவை அளக்கலாம், பண்பை அளக்க இயலாது எனக் கருதி அதனை எதிர்த்தார். அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தில் அப்பதிவு சட்டமாயிற்று. இக்குறைகள் அவரைச் சிறுமைப்படுத்துவன அல்ல. அவரும் மனிதரே என்பதை உணர்த்துவன.

அணையா ஒளி

1907ஆம் ஆண்டு பிரிட்டனின் உயரிய சிறப்பான ஆர்டர் ஆஃப் மெரிட் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அதனைப் பெற்ற முதல் பெண் அவரே. அப்போது அவர் கண்பார்வையை இழந்திருந்தார். 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் இலண்டனில் இயற்கை எய்தினார். மன்னர்களும் பேரறிஞர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் இடமளிக்க அரசு முன்வந்தது. அவர் விருப்பப்படி உறவினர் அதனை மறுத்து, ஹாம்ப்ஷயரின் சிற்றூர்த் தேவாலயத்தில் பெற்றோர் அருகே நல்லடக்கம் செய்தனர். கல்லறையில் அவர் முழுப்பெயரும் இல்லை. பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் ஆண்டுகளுமே பொறிக்கப்பட்டுள்ளன.

அவர் பிறந்த மே 12ஆம் நாளை உலகச் செவிலியர் நாளாக நாடுகள் கொண்டாடுகின்றன. பன்னாட்டுச் செஞ்சிலுவை இயக்கம் 1920 முதல் அவர் பெயரால் பதக்கம் வழங்குகிறது. சிறந்த செவிலியர்க்கு இந்திய அரசு அளிக்கும் தேசிய விருதும் அவர் பெயரையே தாங்கியுள்ளது. அவர் பிறந்த இருநூறாம் ஆண்டான 2020இல் கொரோனாப் பெருந்தொற்று உலகை வாட்டியபோது, இங்கிலாந்து விரைந்து எழுப்பிய தற்காலிக மருத்துவமனைகளுக்கு நைட்டிங்கேல் என்றே பெயரிட்டது. கைகளைக் கழுவுதல், காற்றோட்டம், இடைவெளி, நாள்தோறும் கணக்கெடுத்தல் என அப்போது உலகம் கடைப்பிடித்தவை, ஸ்கூட்டாரியின் கல்லறைகள் அவருக்குக் கற்பித்த பாடங்களே.

இன்றும் எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும், நள்ளிரவில் ஒரு செவிலியர் கட்டில் கட்டிலாகச் சென்று நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். உடன் வெப்பநிலையையும் நாடித்துடிப்பையும் அளந்து குறிப்பேட்டில் எழுதுகிறார். தொடும் கையில் இரக்கம் இருக்கிறது. எழுதும் கையில் உண்மை இருக்கிறது. இரக்கம் இல்லாத கணக்கு உயிரற்றது. கணக்கு இல்லாத இரக்கம் கண்ணற்றது. இரண்டையும் ஒருசேர ஏந்தக் கற்பித்தவர் என்பதாலேயே புளோரன்ஸ் நைட்டிங்கேலின் விளக்கு இன்னும் அணையாமல் இருக்கிறது.